முன்கண்ணாடி உடைந்தால் செலவு யாருடையது?

ஜல்லி ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. 'டக்' என்று ஓர் ஒலி. முன்கண்ணாடியில் மிளகு அளவில் ஒரு வெண்புள்ளி. லாரி தன் போக்கில் போய்விடும். மாலையில் வீடு திரும்பும்போது அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டிருக்கும். மறுநாள் வெயிலில் காய்ந்த காரில் ஏறிக் குளிர்சாதனத்தை இயக்கியதும் அந்தக் கோடு கண்ணாடியின் மறுகரையைத் தொட்டுவிடும்.

"காப்பீடுதான் இருக்கிறதே, கவலை எதற்கு?" என்பார்கள் அருகில் இருப்பவர்கள். உண்மையில், முன்கண்ணாடியை மாற்றும் செலவு யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கல்லைத் தெறிக்கவிட்டவர் அநேகமாக எப்போதும் தப்பித்துக்கொள்கிறார். காப்பீட்டு நிறுவனம் கொடுத்ததுபோலத் தோன்றும் தொகையில் பெரும்பகுதியையும் உரிமையாளரே பின்னர் தவணை தவணையாகத் திருப்பிச் செலுத்துகிறார்.

முதலில் கண்ணாடியைப் பற்றிச் சில சொற்கள். காரின் பக்கக் கண்ணாடிகள் உடைந்தால் சர்க்கரைக் கட்டிகளைப்போல உதிர்ந்துவிடும்; அவை வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட ஒற்றைத் தகடுகள். முன்கண்ணாடி அப்படியன்று. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து ஒட்டியது அது. கல் பட்டால் வெளித் தகடு விரிசல் விடும். உள் தகடு பெரும்பாலும் தப்பிக்கும். சில்லுகள் பயணிகளின் முகத்தில் சிதறாமல் படலம் பிடித்துக்கொள்ளும். கார் கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்குவதில் இந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல கார்களில் முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது இதில் மோதித்தான் அவர் பக்கம் திரும்புகிறது. ஆகவே, 'பார்வைக்குத்தானே அசிங்கம், ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விரிசல் விட்ட கண்ணாடியோடு மாதக்கணக்கில் ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

விரிசல் ஓடத் தொடங்காத சிறு புள்ளியாக இருந்தால், அதனுள் பிசின் செலுத்தி அடைத்துவிடலாம். கண்ணாடியை மாற்றும் செலவில் சிறு பகுதிதான் இதற்கு ஆகும். ஆனால் ஓட்டுநரின் நேர்ப் பார்வைக்குள் வரும் இடத்திலோ, கண்ணாடியின் விளிம்பிலோ அடிபட்டிருந்தால் இது ஒத்துவராது. பிசின் வைக்கும் வரை வெயிலில் நிறுத்தாமல், சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாமல், புள்ளியின்மேல் ஒளிபுகும் ஒட்டுத்தாளை ஒட்டி அழுக்கு புகாமல் காப்பது நல்லது. இந்த ஒரு நாள் கவனத்தால் பிற்பாடு வரும் எல்லா வழக்கும் இல்லாமல் போய்விடுவது உண்டு.

சரி, கண்ணாடி போயே போய்விட்டது. லாரிக்காரர் கொடுக்க வேண்டாமா?

சட்டப்படி கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த லாரியைப் பொறுத்தவரை நீங்கள்தான் மூன்றாம் நபர். உயிரிழப்பு, காயம் ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, உடைமைச் சேதத்துக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம் என்று சட்டத்தின் 165, 166-ஆம் பிரிவுகள் கூறுகின்றன. விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடுவை 2019-ஆம் ஆண்டின் திருத்தம் மீண்டும் கொண்டு வந்திருக்கிறது.

ஆனால், கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இங்கேதான் இரண்டு வகைக் கற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தார்ப்பாய் போடாமல், விளிம்புக்கு மேல் குவித்து ஏற்றிய பாரத்திலிருந்து விழுந்த கல் என்றால் கவனக்குறைவு கண்கூடு. சாலையில் ஏற்கெனவே கிடந்த கல், லாரியின் சக்கரத்தில் மாட்டித் தெறித்து வந்தது என்றால், 'இதில் ஓட்டுநர் செய்த தவறு என்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். அடிபட்ட கண்ணாடியைப் பார்த்து இரண்டில் எந்தக் கல் என்று எவராலும் சொல்ல முடியாது. முன்பக்கக் கேமரா பொருத்திய கார்களில் பதிவு இருந்தால் லாரியின் எண்ணாவது கிடைக்கும். அது இல்லாதவர், மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்ணை எங்கே குறிப்பது?

எண் கிடைத்தாலும், சில ஆயிரம் ரூபாய் கண்ணாடிக்காகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, வழக்குரைஞர் வைத்து, தீர்ப்பாயத்தின் வாய்தாக்களுக்கு அலைபவர் யார்? உங்கள் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டால், உங்கள் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் அதை வசூலிக்கும் உரிமை அதற்கு உண்டு. இவ்வளவு சிறிய தொகைக்கு அந்த உரிமையைப் பயன்படுத்த அதற்கும் மனம் வராது. மோதிவிட்டு நிற்காமல் போன வாகனங்களுக்காக அரசு வைத்துள்ள இழப்பீட்டுத் திட்டமோ, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 என்பதோடு நின்றுவிடுகிறது. பொருள் சேதம் அதில் இல்லை.

சுங்கம் வசூலிக்கும் சாலையின் பொறுப்பாளரைக் கேட்கலாம் அல்லவா என்றால், அங்கேயும் வாசல் குறுகல். சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரம் தவறிய ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் 198ஏ பிரிவை 2019-இல் சேர்த்தார்கள். அது பொருந்துவது உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால் மட்டுமே. பணம் கொடுத்துப் பயணம் செய்பவர் நுகர்வோர் என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் கல் எப்போது, எப்படிச் சாலைக்கு வந்தது, அதை அகற்ற அவகாசம் இருந்தும் அகற்றவில்லையா என்பதையெல்லாம் மெய்ப்பிக்கும் பாரம் புகார் கொடுப்பவருடையது.

ஆக, மீதி இருப்பது சொந்தக் காப்பீடு. அதிலும் முதல் தடங்கல், தம்மிடம் இருப்பது எந்தக் காப்பீடு என்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பது. மூன்றாம் நபர் காப்பீடு உங்களால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடு செய்வது. உங்கள் கண்ணாடிக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. அதற்கு வேண்டியது சொந்தச் சேதத்துக்கான காப்பீடு. அது கட்டாயமன்று. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே விற்கிறார்கள். அதனுடன் வரும் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே. பாலிசிக் காகிதத்தில் 'மூன்று ஆண்டு' என்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், இரண்டாம் ஆண்டில் கண்ணாடி உடைந்த பிறகுதான் தங்களுக்குப் பாதிக் காப்பீடு எப்போதோ முடிந்துபோனதை அறிகிறார்கள். இதை வாசிப்பவர்கள் காரின் பெட்டியைத் திறந்து, பாலிசியில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது. காலாவதியான பிறகு புதுப்பிக்கப் போனால் வண்டியைப் படம் எடுத்துப் பரிசோதித்துத்தான் பாலிசி கொடுப்பார்கள். ஏற்கெனவே உள்ள விரிசல் அந்தப் படத்தில் பதிவாகி, கணக்கில் சேராமல் போகும்.

முழுமையான காப்பீடு உள்ளவர்களுக்குச் சாதகமான ஒரு செய்தி உண்டு. முகவர்கள் இதைச் சொல்வதில்லை. உதிரி பாகங்களை மாற்றும்போது தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழிப்பது வழக்கம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம்; ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம்; உலோகப் பாகங்களுக்கு வாகனத்தின் வயதைப் பொருத்து ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. எட்டு ஆண்டு ஓடிய காராக இருந்தாலும் புதிய கண்ணாடியின் விலை முழுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் உள்ள ஏற்பாடு இது. 2007-இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பாலிசிகளின் வாசகம் பெரிதும் இதையே பின்பற்றுகிறது. ஆகவே, கண்ணாடிக்காகவே 'தேய்மானம் இல்லாத' கூடுதல் பாலிசியை வாங்குங்கள் என்று ஒருவர் வற்புறுத்தினால், அந்தக் காரணம் மட்டும் செல்லாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்குப் பாதி கழியும். ஒட்டும் பசை போன்ற நுகர்பொருள்களுக்குத் தனிச் சேர்க்கை இல்லாவிட்டால் தர மாட்டார்கள்.

அடுத்து, கட்டாயப் பிடித்தம். 1,500 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் ரூ.1,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.2,000 உரிமையாளர் ஏற்க வேண்டும். பிரீமியத்தைக் குறைப்பதற்காகத் தாமாகவே கூடுதல் பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டவர்களுக்கு அதுவும் சேரும். இதை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள்.

இவையெல்லாம் சில்லறை. உண்மையான விலை 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற வரியில் இருக்கிறது. கோரிக்கை எழுப்பாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் எனத் தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கோரிக்கை எழுப்பினாலும் அது பூஜ்யத்துக்கு இறங்கும். பிறகு மீண்டும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். கோரிக்கை ஒன்பதாயிரமா, ஒரு லட்சமா என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது.

ஓர் உதாரணக் கணக்கு. தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.8,000 என்றும், ஆண்டுதோறும் அதுவே நீடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது 35 சதவீதப் படியில் இருப்பவர், கோரிக்கை எழுப்பாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம் பெற்று ரூ.4,400 கட்டுவார்; எழுப்பினால் ரூ.8,000. வேறுபாடு ரூ.3,600. அதற்கடுத்த ஆண்டுகளில் வேறுபாடு முறையே ரூ.2,400, ரூ.2,000, ரூ.1,200, ரூ.400. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் ரூ.9,600. கண்ணாடிக்கான ரசீது ரூ.9,000 என்றால், பிடித்தம் போக நிறுவனம் கொடுத்தது ரூ.8,000-க்கும் குறைவு. எட்டாயிரம் வாங்கி ஒன்பதாயிரத்து அறுநூறு திருப்பிக் கொடுத்திருக்கிறார். கார் பழசாகப் பழசாகப் பிரீமியமும் குறையும் என்பதால் நடைமுறையில் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் 'இன்சூரன்ஸ் கொடுத்தது' என்று அவர் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வது எந்த வகையிலும் சரியன்று.

இதே கணக்கு மூன்று வகையினருக்கு மாறிவிடும். புதிய காருக்கு இன்னும் போனஸ் சேராதவர் இழப்பது குறைவு. அவர் தயங்காமல் கோரலாம். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பாலிசி வைத்திருப்பவரும் கோரலாம். கண்ணாடிக்கு மட்டுமான கோரிக்கையால் போனஸ் பாதிக்கப்படாது என்று சொல்லும் பாலிசிகளும் உண்டு. நிபந்தனையைப் படித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, விலை உயர்ந்த கார்கள். முன்கண்ணாடிக்குப் பின்னே கேமரா வைத்துத் தாமாகவே பிரேக் போடும் வசதியுள்ள வண்டிகளில், கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் மறுபடி அளவு திருத்த வேண்டும். அங்கே ரசீது பல மடங்கு போகும். போனஸைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கோருவது என்று முடிவெடுத்தால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் பார்வையிடவோ படம் பெறவோ விட வேண்டும். அவசரப்பட்டு மாற்றிவிட்டு ரசீதோடு போனவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். விபத்து, கலவரம், விஷமச் செயல், புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை ஆகியவற்றால் உடைந்த கண்ணாடி பாலிசிக்குள் வரும். எந்த அடியும் இல்லாமல், வெப்பத்தாலும் இழுவிசையாலும் தானாகவே ஓடிய விரிசலைத் தேய்வு என்று சொல்லி மறுக்க இடமுண்டு. புதிய காராக இருந்தால் உற்பத்திக் குறை என்று விற்பனையாளரிடம் வாதாடலாம். உத்தரவாத அட்டைகள் பலவற்றில் கண்ணாடி விலக்கப்பட்டிருப்பதும் தெரிந்ததே. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்த காரை வாடகைக்கு ஓட்டும்போது உடைந்தாலோ, ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாவிட்டாலோ கோரிக்கை நிராகரிக்கப்படும்.

நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி தரவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் வேண்டாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், புகார்தாரரைக் கட்டுப்படுத்தாது. சிறிய தொகைக்கு இதைவிட எளிய வழி நம் நாட்டில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

ஓடும்போது மட்டுமா கண்ணாடி உடைகிறது? தெருவில் நிறுத்திய கார்மீது பந்து வந்து விழும், தேங்காய் விழும். விடுதியின் வாசலில் சாவியைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டுப் போன பிறகு உடைவதும் உண்டு. இந்தக் கடைசி வகையில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தில்லி விடுதி ஒன்றில் இப்படி ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து விடுதி தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழுதுபார்க்க விட்ட இடத்தில் கண்ணாடி உடைந்தாலும் அடிப்படை அதுவே: பொருளை ஏற்றுக்கொண்டவர், தன் பொருளைப்போல அதைக் காக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது காரைச் சுற்றி ஒரு காணொலி எடுத்துக்கொள்வது அநாகரிகம் ஆகாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு வித்தியாசமான சட்டம் இருக்கிறது. முழுமையான காப்பீடு வைத்திருப்பவரின் முன்கண்ணாடிக்குப் பிடித்தம் எதுவும் செய்யக் கூடாது. முழுச் செலவும் நிறுவனத்துடையது. செலவுக்கு அஞ்சி உடைந்த கண்ணாடியோடு ஓட்டுபவர்கள் குறைய வேண்டும் என்பதே இத்தகைய ஏற்பாட்டுக்கான வாதம். ஆனால் இலவசம் என்றதும் கண்ணாடிக் கடைக்காரர்கள் கார் உரிமையாளர்களிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, நிறுவனங்கள்மீது வழக்குகளைக் குவித்தார்கள். அப்படி உரிமையை எழுதி வாங்குவதையே 2023-இல் அந்த மாநிலம் தடை செய்தது. நாமும் இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. பிடித்தம் இருக்கட்டும். ஓட்டுபவரின் தவறே இல்லாத, கண்ணாடிக்கு மட்டுமான கோரிக்கை ஆண்டுக்கு ஒன்று என்றால், அதற்காகப் பல ஆண்டுத் தள்ளுபடியைப் பறிக்காமல் இருக்கலாம். சில பாலிசிகளில் சலுகையாக இருப்பதை எல்லாப் பாலிசிகளிலும் அடிப்படை நிபந்தனையாக்க ஒழுங்காற்று ஆணையமான ஐஆர்டிஏஐ முன்வர வேண்டும்.

இதை வலியுறுத்துவதற்கு, சொந்தக் கார் வைத்திருப்போரின் சில ஆயிரங்கள் மட்டும் காரணமல்ல. எனக்குப் பழக்கமான வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவர். கிருஷ்ணகிரிக்குப் போய் வரும் வழியில் கல் பட்டுக் கண்ணாடி போயிற்று. காருக்கு முழுக் காப்பீடு இருந்தது. முதலாளி மேலே நாம் போட்ட அதே கணக்கைப் போட்டார், கோரினால் போனஸ் போகும் என்று தெரிந்துகொண்டார், கோரவில்லை. கண்ணாடி விலையை மூன்று தவணைகளாகப் பிரித்து ஓட்டுநரின் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். கணக்கில் கெட்டிக்காரர்தான்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பணியாளரின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் சேதமானால், அந்தச் சேதம் அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாக விளைந்ததாக இருந்தால்தான் ஊதியத்தில் பிடிக்கலாம். அதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு தர வேண்டும். பிடிக்கும் தொகை இழப்பின் அளவைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. எங்கிருந்தோ தெறித்து வந்த கல் ஓட்டுநரின் அலட்சியம் ஆகாது. நாள் வாடகைக்குக் காரை எடுத்து ஓட்டுபவர்களுக்கோ இந்தப் பாதுகாப்புகூட இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே அவர்களுக்குச் சட்டம்.

தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாமே என்று அந்த ஓட்டுநரிடம் சொன்னேன். மூன்றாவது தவணை அந்த மாதத்தோடு முடிகிறது, விடுங்கள் சார் என்றார்.